தொடாத எழுத்து

எங்கள் அண்ணி எழுதியதை இந்த ஊரே தின்றிருக்கிறது.

பேக்கரியில் கேக் மேல் எழுதுவது அண்ணியின் வேலை. பிறந்தநாளோ, கல்யாண நாளோ, அலுவலகத்தில் யாருக்காவது பிரிவு விருந்தோ, அண்ணி கையால் நாலு எழுத்து ஏறாமல் எந்தக் கேக்கும் கடை வாசலைத் தாண்டாது. அண்ணன் அதே பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். காலையில் அடுப்போடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தால் மத்தியானம்தான் ஓய்வார். நான் அண்ணனுக்குத் தம்பி. எனக்குச் சுடவும் வராது, எழுதவும் வராது. அவர்கள் செய்து வைப்பதை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறவன். ஒவ்வொரு கேக்கையும் என் கையில் கொடுக்கும்போது அண்ணி ஒரே வார்த்தைதான் சொல்வார். "மெதுவா ஓட்டு தம்பி." ஊரில் வேறு யார் சொன்னாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அண்ணி சொன்னால் மட்டும் பிரேக்கில் கால் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பேக்கரிக்கு மேலேயே இரண்டு அறை வீடு. அண்ணன், அண்ணி, நான், அப்புறம் சுண்டு. சுண்டு அண்ணனின் மகள். பிறந்தபோது சுண்டெலி அளவுதான் இருந்தாள் என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு நல்ல பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அண்ணி எழுதுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே கிரீமை அடைத்து, நுனியை ஊசி அளவுக்கு வெட்டிக்கொள்வார். அதைக் கோன் என்பார்கள். கோனின் முனை கேக்கில் படவே கூடாது. கொஞ்சம் மேலே நின்றபடி அமுக்கினால், கிரீம் நூலாக இறங்கி, போய் உட்கார வேண்டிய இடத்தில் தானே உட்காரும். முனை பட்டால் கேக்கின் மேல்தோல் கிழிந்து எழுத்து கெட்டுவிடும். அந்த இடைவெளி மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் அண்ணி முட்டியை மடக்கி, தாடையை மேஜை விளிம்பில் வைத்து, பக்கவாட்டிலிருந்துதான் பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள், இந்த அம்மாவுக்குக் கழுத்து வலியோ என்று கேட்பார்கள்.

சுண்டு வளர்ந்ததே அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான். முதலில் ஒரு கூடையில் படுத்திருந்தாள், பிறகு முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நடக்கப் பழகிய புதிதில் ஒருநாள், எழுதி முடித்த கேக் மேல் ஒரு விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இழுத்துவிட்டாள். ஆள் வாசலில் காத்திருக்கிறார். அண்ணி கையில் ஒரு தட்டுத் தட்டி, "எழுத்தைத் தொடவே கூடாது, புரியுதா? தொட்டா கெட்டுப்போயிடும்" என்றார். சுண்டு அழவில்லை. அன்றிலிருந்து கேக் பக்கம் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வாள். என்ன அடக்கமான பிள்ளை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன்.

இந்த அடக்கமான பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் வினை பிடித்தது. பாலர் வகுப்பில் வாரா வாரம் ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள். மேலே ஒரு படம் அச்சடித்திருக்கும், கீழே ஒரு கோடு. படத்துக்கு வண்ணம் அடித்து, கோட்டின் மேல் அதன் பெயரை எழுத வேண்டும். சுண்டு வண்ணம் அடிப்பதில் கெட்டிக்காரி. பட்டம் என்றால் பட்டம் பறக்கும், மரம் என்றால் இலை இலையாகப் பச்சை. கோட்டின் மேல் மட்டும் ஒன்றும் இருக்காது. ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளை வெளேர் என்று வரும். படம் அழகாக இருக்கிறதே என்று அண்ணி அத்தனை தாளையும் அலமாரி மேல் அடுக்கி வைத்திருந்தார்.

ஆண்டு முடியும் நேரத்தில் வகுப்பு மிஸ் அண்ணனையும் அண்ணியையும் அழைத்துச் சொன்னார். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஓர் எழுத்துகூட எழுதுவதில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியையான பெரிய மிஸ் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார். சின்னச் சின்ன வார்த்தைகளைப் படித்து, ஒன்றிரண்டை எழுதிக் காட்டினால் ஒன்றாம் வகுப்பு. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் பாலர் வகுப்பிலேயே இருக்கட்டும்.

இதைச் சொல்லும்போது சுண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுக்கு இந்த உலகத்தில் சினேகிதி என்று ஒருத்திதான், எதிர்வீட்டுப் பொக்கைவாய். முன்பல் இரண்டும் விழுந்துபோய், சிரித்தால் குகை மாதிரி இருக்கும். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போவது உறுதியாகிவிட்டது. அன்று சாயங்காலம் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுண்டு கேட்டாள்.

"சித்தப்பா, பொக்கை மட்டும் பெரிய பெஞ்சுக்குப் போயிடுவாளா? நான் அந்தக் குட்டி நாற்காலியிலயே இருக்கணுமா?"

மனசு வலித்தால் எனக்கு அடுத்து வருவது கோபம். மறுநாளே வேனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, அந்த மிஸ்ஸை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று உள்ளே போனேன். மிஸ் "உட்காருங்க" என்றார். அந்த அறையில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலி. உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நிலையில் ஒரு மனுஷன் எப்படிச் சண்டை போடுவது?

"நானும் ஒரு வருஷமா பாக்கறேங்க," என்றார் மிஸ். குரலில் அலுப்பே இல்லை. "அவ மந்தமான பிள்ளை இல்ல. கண்ணு ரெண்டும் அத்தனையும் கவனிக்குது. ஆனா பென்சில் பிடிச்ச கையை நான் பிடிச்சு எழுதவெச்சா மட்டும் அழுதுடறா. கையைப் பின்னால கட்டிக்கறா. எதுக்கோ பயப்படறா. எதுக்குன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

நாலு வார்த்தை கேட்கப் போனவன், வீட்டில் செய்ய வேண்டியதாக அவர் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். தினமும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள், ஓசையை வைத்து விளையாடுங்கள், கண்ணில் படுவதையெல்லாம் படித்துக் காட்டுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். எழும்போது நாற்காலியும் என்னோடு கூட எழுந்தது. மிஸ்தான் பிடித்து இழுத்துவிட்டார். அவரிடம் இனி எனக்குச் சண்டை கிடையாது.

முதலில் களத்தில் இறங்கியது அண்ணன். கடையில் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, மத்தியானம் அடுப்பு வேலை முடிந்த கையோடு மகளை உட்காரவைத்தார். சுண்டு பென்சிலைப் பிடித்தாள். கை நகர்ந்தது. தாளில் ஒன்றும் இல்லை.

"பலமா எழுதும்மா."

அவள் பென்சிலை இறுக்கினாள். விரல்கள் வெளுத்துப்போயின. தாளில் ஒன்றும் இல்லை.

"இன்னும் பலமா!"

உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். கண் கலங்கிவிட்டது. அண்ணன் புத்தகத்தை மூடி, "அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தார். உடனே அண்ணி திரும்பினார்.

"மாடு வளக்கறதா இருந்தா நீங்க போய் வளங்க. இது என் பொண்ணு. நாளையிலிருந்து நான் பாத்துக்கறேன்."

அண்ணன் புத்தகத்தை அண்ணி பக்கம் தள்ளினார். அடுப்பைத் தவிர வேறு யாரோடும் மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை அவர்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நான் வாய் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அண்ணி புத்தகத்தைத் தொடவே இல்லை. கிரீம் அடித்துக்கொண்டே, "பஞ்சு, படி, பல்லி... எல்லாம் எதுல ஆரம்பிக்குது?" என்பார். சுண்டு உதட்டை ஒட்டி வைத்து 'ப' என்று வெடிப்பாள். "அப்ப நம்ம வீட்டுல வேற என்னல்லாம் 'ப'?" சுண்டு அறை அறையாக ஓடுவாள். பாய், பால், பானை. ஒருநாள் என்னைச் சுட்டிக்காட்டி "சித்தப்பா" என்றாள். "அது 'சி'டி" என்றேன். "நடுவுல ஒரு 'ப்' இருக்கே, நல்லாக் கேளுங்க" என்றாள். இந்த வயசில் என் நடுவில் இருப்பதை எனக்குச் சொல்ல ஒருத்தி வந்துவிட்டாள்.

அண்ணன் சும்மா இருக்க மனசில்லாமல் மிச்ச மாவில் எழுத்துகளைச் சுட ஆரம்பித்தார். முதலில் 'ட', ஏனென்றால் அது இரண்டே கோடு. அப்புறம் 'ப', 'ம'. அடுப்பில் போனது 'ம', வெளியே வந்தது உப்பிப்போன பூசணிக்காய். சுண்டு அதையும் 'ம' என்றே அடையாளம் கண்டுபிடித்துத் தின்றாள். ட, ம் இரண்டையும் 'ப' பக்கத்தில் வைத்துப் 'படம்' என்று முழுசாகப் படித்த அன்று, அண்ணன் அடுக்களைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டதாம். அடுப்பு கீழே இருக்கிறது, அதை அணைத்தும் நெடுநேரம் ஆகியிருந்தது.

வீட்டில் இருந்த டப்பாவுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு முளைத்தது. உப்பு, மிளகு, டீ. கண்ணாடியில் 'முகம்'. நான் தூங்குகிற கட்டிலில் 'கட்டில்'. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினம் ஒரே கதைப் புத்தகம், தொப்பி தொலைத்த ஒரு கரடியின் கதை. எனக்கு அந்தக் கரடியைக் கண்டாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆகிவிட்டது. "வேற புத்தகமே இல்லையா அண்ணி?" என்றால், "அவளுக்கு இதுதான் வேணும். நீ ஒரே பாட்டைத் தினம் வேன்ல போடறியே, நான் எதாவது கேட்டேனா?" என்பார். ஒருநாள் அண்ணி வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டினார். சுண்டு "நில்லு, நில்லு" என்று விரலை நீட்டினாள். "இங்க 'மரத்துக்குக் கீழே பார்த்தது'ன்னு இருக்கு. நீ படிக்கல." மனப்பாடமாகச் சொல்கிறாளா, படிக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம். அண்ணி அந்த வரியை ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதிக் காட்டினார். படித்தாள். மாற்றி எழுதிக் காட்டினார். அதையும் படித்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். இவள் கல்லும் இல்லை, கரைத்தவர் சாமானியரும் இல்லை.

எழுதுவதற்கு மிச்சக் கிரீம். அகலமான தகரத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, குட்டிக் கோன் ஒன்று செய்து கொடுத்தார். சுண்டு முட்டியை மடக்கி, தாடையைத் தட்டு ஓரத்தில் வைத்து, அம்மாவை உரித்து வைத்த மாதிரி நின்று, அமுக்கினாள். 'பட்டம்' என்று எழுத்து கோணல்மாணலாக, ஆனால் முழுசாக வந்து உட்கார்ந்தது. நான் விசில் அடித்தேன். இனி என்ன, ஒன்றாம் வகுப்பு என்ன, நேராகக் கல்லூரியே என்று வீடெல்லாம் அறிவித்தேன்.

மறுநாள் அண்ணி பென்சிலைக் கொடுத்தார். பழையபடி வெள்ளைத் தாள்.

விடுமுறை முடியப்போகிற வாரம் அது. எனக்குத் தலை சுற்றியது. படிக்கிறாள், கிரீமில் எழுதுகிறாள், பென்சிலைக் கொடுத்தால் மட்டும் கை வெளுக்கிறது, தாளும் வெளுப்பாகவே இருக்கிறது. "வேணும்னே செய்யறா அண்ணி, பிடிவாதம்" என்றேன். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கும் மனம் தளராதவர். அன்று முதல்முறையாக, "நான் வேலைக்குப் போகாம வீட்டுல இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதோ?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

சுண்டு பாட்டுக்கு மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்த அண்ணி, என்ன நினைத்தாரோ, வேலை செய்கிற பழக்கத்தில் முட்டியை மடக்கினார். தாடையை மேஜை விளிம்பில் வைத்தார். மகள் எழுதுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார்.

"தம்பி," என்றார் மெல்ல. "இங்க வா. குனிஞ்சு பாரு."

குனிந்தேன். பென்சில் முனைக்கும் தாளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு நூல் இடைவெளி. அந்த இடைவெளி மாறாமல், கை கொஞ்சமும் நடுங்காமல், பென்சில் காற்றில் 'ம' போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் இத்தனை நாளும் மேலேயிருந்தே பார்த்திருக்கிறோம். அண்ணன், நான், மிஸ், எல்லோரும்.

"சுண்டு... பென்சிலைக் கீழ வெக்க மாட்டியாம்மா?"

"வெச்சா கெட்டுப்போயிடுமே."

"எது?"

"எழுத்து."

"படம் வரையறப்ப மட்டும் தொடறியே, கண்ணு?"

சுண்டு அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது படம்மா."

"அப்பா சுட்ட எழுத்தக் கையில எடுத்துத் தின்னியே?" என்றேன் நான்.

"அது ரொட்டி சித்தப்பா." இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்கிற அலுப்பு அந்தக் குரலில். "நீ அமுக்கினா வருதும்மா. நானும் அமுக்கறேன். எனக்கு வரவே மாட்டேங்குது."

"கிளாஸ்ல மத்த பிள்ளைங்கல்லாம் எப்படி எழுதறாங்க?"

"அவங்க தொட்டுத் தொட்டுத்தான் எழுதறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க அம்மால்லாம் சொல்லிக் குடுக்கல போலிருக்கு."

அண்ணி எழுந்து அலமாரி மேலிருந்த தாள்களை எடுத்துவந்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். ஒரு வருஷத்துத் தாள்கள். "இதுலல்லாம் எழுதினியா?"

"எழுதினேன். வரல." சுண்டு கோடுகளின் மேல் விரலைப் படாமல் ஓட்டிக்கொண்டே படித்தாள். "இது பட்டம். இது மரம். இது படகு. இதுல முதல்ல தப்பா எழுதினேன், அப்புறம் சரியா எழுதினேன்."

வெற்றுத் தாளை வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறாள் ஐந்து வயசுப் பிள்ளை. ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு. என்றைக்கோ அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காக. பிடிவாதம் என்று சொன்ன என் வாயில் சூடு போட வேண்டும். அண்ணி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றாலும்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சுலபம் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். "இனிமே தொடலாம் கண்ணு, அம்மா சொல்றேன்" என்றார் அண்ணி. சுண்டு தலையாட்டினாள். பென்சிலைக் கீழே இறக்கினாள். தாளுக்குக் கிட்டே வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. "தொடு, தொடு" என்று நான் வேறு கூச்சல் போட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு தட்டுத் தட்டி உள்ளே போனதை ஒரு வார்த்தை சொல்லி வெளியே எடுக்க முடியவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், கீழே பெரிய கேக் ஒன்று தயாராக இருந்தது. ஒரு மருத்துவமனையில் வேலையை விட்டு ஓய்வு பெறும் மூத்த நர்ஸுக்காக. அண்ணி அதில் இரண்டு வரி எழுதியிருந்தார், சுற்றிலும் அலை அலையாக வேலைப்பாடு. அண்ணி எழுதியதிலேயே அழகானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். நான் எடுத்துப்போகத் தயாராக நின்றேன். அண்ணி கேக்கை என்னிடம் கொடுக்கவில்லை. சுண்டுவைக் கூப்பிட்டு முக்காலியில் ஏற்றினார்.

"படி."

"அன்பு வாழ்த்து," என்று ஆரம்பித்து, கீழ் வரியில் கொஞ்சம் தடுக்கி, முழுசாகப் படித்து முடித்தாள். கை இரண்டும் பின்னால்.

அண்ணி தன் ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தார். வைத்து, இழுத்தார்.

"அண்ணி!" என்று கத்திவிட்டேன். "மணி ஆகுது! ஆள் காத்துக்கிட்டிருப்பாங்க!"

"நீ சும்மா இரு தம்பி."

வாழ்த்து பாதி காணாமல் போனது. விரலில் கிரீம். சுண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் எங்காவது கோபம் இருக்கிறதா என்று தேடினாள்.

"இப்ப நீ."

சுண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"அன்னைக்கு அம்மா ஏன் உன் கையில அடிச்சேன் தெரியுமா? எழுத்து கெட்டுப்போச்சுன்னு இல்ல. ஆள் வாசல்ல நின்னாங்க, எனக்கு அவசரம். எழுத்து எங்கயும் போகாதுடி. அழிச்சா திரும்ப எழுதலாம். இத பாரு, நான் திரும்ப எழுதத்தான் போறேன். நீ தொடு."

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ஒரு விரல் நீண்டது. கேக்குக்கு மேலே நின்றது. இந்த முறை நான் கூச்சல் போடவில்லை. விரல் இறங்கிப் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. சுண்டு இழுத்தாள், கடைசி எழுத்துவரைக்கும். பிறகு இரண்டாம் வரி. பிறகு இரண்டு கையாலும் அலை வேலைப்பாடு. காதுவரை கிரீமை அப்பிக்கொண்டு சிரித்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அண்ணன், தன் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அண்ணி மேல்பூச்சை வழித்தெடுத்து, புதிதாகப் பூசி, எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். நான் அன்று மெதுவாக ஓட்டவில்லை, அதை மட்டும் அண்ணியிடம் சொல்லவில்லை.

மறுநாள் பெரிய மிஸ் அறையில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் அடுப்பை விட்டு வர முடியவில்லை. எனக்குச் சரியான அளவு நாற்காலி கிடைத்தது, அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பு மிஸ்ஸும் கதவோரம் நின்றார். காற்றில் எழுதின கதையை அண்ணி வாசலிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். "நானும் ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கலாம்" என்று அவர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். அவரை விடப் பக்கத்தில் இருந்த நாங்களே குனிந்து பார்க்கவில்லை.

பெரிய மிஸ் ஒரு பக்கத்தை நீட்டினார். சுண்டு படித்தாள். குரல் சின்னதுதான், ஆனால் நின்று நிதானித்துப் படித்தாள். அடுத்து ஒரு தாளையும் பென்சிலையும் வைத்து, "உனக்குத் தெரிஞ்ச வார்த்தை எதாவது ஒண்ணு எழுதும்மா, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

சுண்டு பென்சிலை எடுத்தாள். நாற்காலியை விட்டு இறங்கி, முட்டியை மடக்கி, தாடையை மேஜை மேல் வைத்தாள். பெரிய மிஸ் புருவத்தை உயர்த்தினார். பென்சில் தாளுக்கு மேலே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்த பிடியில் தையல் விட்டுவிட்டது. சுண்டு ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அண்ணி ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, தன் முட்டியின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார்.

பென்சில் இறங்கியது. கரகரவென்று சத்தம் கேட்டது. வாழ்நாளில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவள் 'படம்' எழுதவில்லை, 'மரம்' எழுதவில்லை. பிறந்ததிலிருந்து அம்மா கையால் எழுதக் கண்ட வார்த்தையை எழுதினாள். வாழ்த்து. 'ழ்' தடுமாறி நின்றது, 'த்' கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் எல்லாம் இருந்தன. எழுதி முடித்துக் கீழே ஓர் அலைக் கோடும் இழுத்தாள், கேக்கில் இருப்பது போல. ஒரு வருஷம் தொடாததற்கும் சேர்த்து அப்படி ஒரு அழுத்தம். பெரிய மிஸ் தாளை எடுத்துத் திருப்பினார். எழுத்து பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. தடவிப் பார்க்க விரலைக் கொண்டுபோனவர், சுண்டுவின் பார்வையைக் கண்டு கையை நிறுத்தினார்.

"தொட்டுப் பாருங்க மிஸ்," என்றாள் சுண்டு. "ஒண்ணும் ஆகாது."

பெரிய மிஸ் தொட்டார். வகுப்பு மிஸ் வந்து தொட்டார். "ஒண்ணாம் வகுப்புல இவளுக்கு மேஜை ஓரமா இடம் போடச் சொல்லணும், தாடை வெக்க வசதியா" என்று பெரிய மிஸ் சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. நான் எழுந்து கைதட்டிவிட்டேன். சுண்டு "பொக்கை எந்த பெஞ்சு?" என்று கேட்டாள்.

அண்ணி மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இந்த ஊருக்கு எத்தனை ஆயிரம் வார்த்தை எழுதிக் கொடுத்திருப்பார். எல்லாம் அன்றன்றைக்கே கத்தியில் அறுபட்டு, தட்டுக்குப் போய், தீர்ந்துபோனவை. அண்ணி கேக்கில் எழுதியது என்று எடுத்துக்காட்ட வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

"இத நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"உங்களுதுதானே," என்றார் பெரிய மிஸ்.

அண்ணி அதை மடிக்கவில்லை. பையில் வைக்கவில்லை. இரண்டு கையிலும் படுக்கையாக ஏந்திக்கொண்டு வந்து வேனில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார். சுண்டு நடுவில் உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருகினேன்.

"மெதுவா ஓட்டு தம்பி," என்றார் அண்ணி.

காகிதம் குலுங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மெதுவாகவே ஓட்டினேன்.